நன்றியுரை டீச்சரின் கட்டுரை

உடப்புக்குப் போய்த் தவமலர் வீடு எது என்று கேட்டால், எந்தத் தவமலர் என்று திருப்பிக் கேட்பார்கள். நன்றியுரை டீச்சர் வீடு என்று கேளுங்கள், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

மாதர் சங்கக் கூட்டமோ, கரப்பந்தாட்டப் போட்டியோ, தபால்காரருக்குப் பிரியாவிடையோ, ஊரில் ஒலிபெருக்கி கட்டினால் முதலில் கேட்கிற குரலும் கடைசியில் கேட்கிற குரலும் தவமலருடையவைதான். நடுவில் பேச ஆட்களுக்கு என்ன பஞ்சம்? பள்ளிக்கூட அதிபர் பேசுவார், கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பேசுவார், தேர்தல் நெருங்கினால் யார் யாரோ வந்து பேசுவார்கள். வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் மட்டும் யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள். கதிரை தந்தவர், பந்தல் போட்டவர், தேத்தண்ணி ஊற்றியவர், தேத்தண்ணிக்குச் சீனி தந்தவர் என்று ஒருவரையும் விடாமல் சொல்லவேண்டுமே, அதற்குப் பொறுமை யாருக்கு இருக்கிறது? கூட்டம் எழும்பிச் செருப்புத் தேடுகிற நேரத்திலும் தவமலர் சலிக்காமல் நன்றி சொல்லிக்கொண்டு நிற்பாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சீனி தந்தவரின் பெயரை ஒருதரம் விட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும் சங்கதி. ஆறு மாதத்துக்கு அந்த வீட்டார் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்கள்.

மற்ற நாட்களில் அவள் நேசரி டீச்சர். கடற்கரைப் பக்கம் மாதர் சங்கம் நடத்துகிற முன்பள்ளி அது. கலியாணம் முடித்த கையோடு அங்கே போகத் தொடங்கினாள். அவளிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது அதே மணலில் உருளுகின்றன. புருசன் கதிரவேலு கரைவலை இழுக்கிறவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. சிலாபத்தில் காட்டினார்கள், கொழும்பில் காட்டினார்கள், முன்னேஸ்வரத்தில் நேர்ந்தார்கள், ஒன்றும் சரிவரவில்லை. அதைப் பற்றிக் கதைப்பதை அவர்கள் நிறுத்திக் கனகாலம் ஆகிறது.

இப்படி இருக்கும்போதுதான் மாதர் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. நேசரிக்குப் பொறுப்பாக இருக்கிறவரிடம் டிப்ளோமா இருக்கவேண்டுமாம். வருட முடிவுக்குள் எடுக்காவிட்டால், எடுத்தவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுவார்களாம். அந்தக் கூட்டத்துக்கும் நன்றியுரை தவமலர்தான். "இத்தகைய சிறந்ததொரு தீர்மானத்தை நிறைவேற்றிய சங்க உறுப்பினர்களுக்கு" என்று சொல்லிக்கொண்டு போனவளுக்கு அந்த இடத்தில் குரல் இடறியது. யாரும் கவனிக்கவில்லை. நன்றியுரையை யார் கவனிக்கிறார்கள்?

டிப்ளோமா வகுப்பு சனிக்கிழமைகளில் பாலாவியில், சந்தியில் இருந்து கொஞ்சம் உள்ளே ஒரு மண்டபத்தில் நடந்தது. லொறி போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி நடுங்கும். தவமலரோடு அவளுடைய உதவி டீச்சர் சாருமதியும் சேர்ந்தாள். சாருமதிக்கு முப்பது வயசு, உயர்தரம் படித்தவள், வாய் அதிகம் திறக்கமாட்டாள், எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். தவமலர் சித்தியடையாவிட்டால் நேசரி யார் கைக்குப் போகும் என்று ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால்தானா தெரியும்? பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்து போனார்கள், வந்தார்கள். மழை, மீன் விலை, பிள்ளைகளின் சளி எல்லாம் கதைத்தார்கள். அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை.

பாடங்கள் எல்லாம் ஒருமாதிரி ஓடிவிட்டன. கடைசியில் நின்றது ஒரு கட்டுரை. 'நான் ஏன் முன்பள்ளி ஆசிரியையானேன்?' தலைப்பைப் பார்த்தால் சின்னப்பிள்ளைக்குக் கொடுக்கிற தலைப்பு மாதிரித்தான் இருக்கும். ஆளை விழுத்த அது போதும்.

வகுப்பு எடுக்கிற கீர்த்திகன் சேர் யுத்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து பாலாவிப் பக்கம் குடியேறிய குடும்பத்து ஆள். அவருக்கென்று ஒரு முறை உண்டு. கட்டுரைகளை வாங்கினார், நடுப் பக்கங்களை ஸ்டேப்ளரால் அடித்து மூடினார், முன்னுரையும் முடிவுரையும் மட்டும் திறந்திருக்க விட்டார். பிறகு ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்தார்.

"நடுவைத் திறக்கக் கூடாது. முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் வாசியுங்கோ. மேலே வாசிக்க மனம் வருதோ, நடுவிலே என்ன இருக்கும் எண்டு நினைக்கிறீங்கள், தொடக்கத்திலே சொன்னதுக்கு முடிவு பதில் சொல்லுதோ. இந்த மூண்டையும் எழுதுங்கோ. ரெண்டு பேர் வாசிச்சு ஒப்பம் வைச்ச பிறகுதான் நான் தொடுவன். ஒப்பம் இல்லாத கட்டுரை எனக்கு வேண்டாம்."

வகுப்பு முழுவதும் பெண்கள். உடப்பு, கனமூலை, கற்பிட்டி என்று கரை நெடுகிலும் இருந்து வந்தவர்கள். ஒருத்தி எழுதியதில் குறை கண்டுபிடித்து, அதைத் தாளில் எழுதி, அவள் கையிலேயே கொடுப்பதா? அடுத்த சனிக்கிழமை அதே பஸ்ஸில் அவள் முகத்தில் முழிக்க வேண்டாமா? எல்லாருமாகச் சேர்ந்து பேசி வைத்த மாதிரி எழுதினார்கள்: 'நன்று.' தாராள மனசு உள்ளவர்கள் 'மிக நன்று' என்றார்கள். சேர் மொத்தக் கட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கலியாண மொய் எழுதச் சொல்லேல்லை. திருத்தச் சொன்னனான்."

இரண்டாம் தரம் தவமலரின் கட்டுரை கனமூலை நிஸ்ரினிடம் போனது, நிஸ்ரினுடையது தவமலரிடம் வந்தது. நிஸ்ரின் மதரசாவோடு சேர்ந்த ஒரு சின்ன முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். வயசு இருபத்தைந்தும் இராது. மனசில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாத பிறவி. அவளுடைய முன்னுரை இப்படித் தொடங்கியது: 'எனக்குச் சின்னப் பிள்ளைகளின் சத்தம் பிடிக்காது.' முடிவுரை: 'இப்பவும் பிடிக்காது. ஆனால் வெள்ளிக்கிழமை லீவில் வீடு அமைதியாக இருந்தால் காது எதையோ தேடுகிறது.' தவமலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டுரையில் இப்படியும் எழுதலாமா? வணக்கம் இல்லை, வாழ்த்து இல்லை, வந்தவரை வாங்க என்று ஒரு சொல் இல்லை. ஆனாலும் அந்த ஸ்டேப்ளர் கம்பியை நகத்தால் நெம்பி, நடுவில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க அவளுக்குக் கை பரபரத்தது. அதை எழுதவும் பயந்து, 'நன்று, மேலே வாசிக்க ஆசையாக உள்ளது' என்று எழுதி ஒப்பம் வைத்தாள்.

தன்னுடையது திரும்பி வந்தபோதுதான் விசயம் புரிந்தது.

தவமலரின் முன்னுரையைச் சொல்லவேண்டுமே. 'இக்கட்டுரையை எழுத வாய்ப்பளித்த விரிவுரையாளர் அவர்களுக்கும், உடன் கற்கும் அன்புச் சகோதரிகளுக்கும், இம்மண்டபத்தைத் தந்துதவிய பெரியோர்களுக்கும் முதற்கண் எனது பணிவான வணக்கங்கள்' என்று தொடங்கி, முன்பள்ளிக் கல்வி இன்றியமையாத ஒன்றாகும் என்று முடியும். முடிவுரையில் அதே ஆட்கள் எல்லாருக்கும் நன்றி. தேநீர் கொண்டுவருகிற பையனுக்கும் நன்றி. 'பெயர் குறிப்பிடத் தவறிய அனைவருக்கும்' நன்றி. ஐயோ, கட்டுரைக்கு நன்றியுரை வைத்த ஒரே மனுசி அவளாகத்தான் இருக்கவேண்டும்.

அதன் கீழே நிஸ்ரின் எழுதியிருந்தாள்: 'கலியாண வீட்டு வாசலில் நின்று பன்னீர் தெளித்து வாங்க வாங்க என்றீர்கள். வெளியே வரும்போது வெற்றிலை தந்து போயிட்டு வாங்க என்றீர்கள். சோறு எங்கே? நடுவில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களும் அதில் இல்லை என்று நினைக்கிறேன்.' ஒப்பம் இல்லை.

தவமலருக்கு முகம் சுட்டுப்போயிற்று. பின்னேரம் பஸ்ஸில் அன்றைக்கு முன் சீட்டில் இடம் கிடைத்த சாருமதி நித்திரையாகிவிட, நிஸ்ரின் வந்து தவமலருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"டீச்சர், கோவமா?"

"கோவமில்ல பிள்ளை."

"கோவம்தான். மொகத்தப் பாத்தாத் தெரியிது. நான் எழுதினது பிழைன்னா சொல்லுங்க."

தவமலர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பளம் போய்த் தென்னை வரத் தொடங்கியிருந்தது.

"நீங்க எழுதினதில ஒண்டு பிழை," என்றாள். "நான் கலியாண வீட்டு வாசல்ல ஒரு நாளும் நிண்டதில்ல."

நிஸ்ரினுக்கு விளங்கவில்லை. தவமலர் சொன்னாள். கதிரவேலுவின் தங்கச்சி கலியாணத்தன்று அவள் பன்னீர்ச் செம்பைக் கையில் எடுத்தாளாம். பெரியம்மா முறையான ஒருத்தி வந்து மெதுவாக வாங்கிக்கொண்டாளாம். ஒரு கடுஞ்சொல் இல்லை, சிரித்த முகம். 'நீ உள்ளுக்க போய்க் கதிரை காணுமா எண்டு பார் பிள்ளை' என்றாளாம், அவ்வளவுதான். பிள்ளை இல்லாதவள் வாசலில் நின்று வரவேற்பது ஆகாது என்று நினைத்திருப்பாள். நினைத்தது அவள் மட்டுமா? அதற்குப் பிறகுதான் மாதர் சங்கத்தில் வரவேற்புரை சொல்ல ஆள் இல்லை என்றபோது தவமலர் கையைத் தூக்கினாள். ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று வாங்க என்றால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது வாசல் இல்லையே.

"நேசரியிலயும் அப்பிடித்தான்," என்றாள் தவமலர். "வருசம் முழுக்கப் பிள்ளையளுக்கு எழுத்துப் பழக்கிறது நான். விஜயதசமிக்கு ஏடு தொடக்க மட்டும் வேற ஆளிட்டக் கொண்டு போவாங்க. அரிசி பரப்பத் தட்டு நான்தான் குடுப்பன். மடியில இருத்திக் கையப் பிடிச்சு எழுத வைக்கிறதுக்கு ஒரு பிள்ளையையும் தரமாட்டாங்க."

  தான் இறங்கவேண்டிய மதுரங்குளி வர எழும்பின நிஸ்ரின், கம்பியைப் பிடித்தபடி குனிந்தாள்.

"டீச்சர், நான் கேட்ட சோறு இதுதான். இத எழுதுங்க. நான் ஒப்பம் வெக்கிறன்."

எழுதுங்க என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள். இறங்காத ஆளுக்கல்லவா தெரியும் அதன் பாடு. இரண்டாவதாக வாசித்து ஒப்பம் வைக்கவேண்டியவள் யார் என்று சேர் அன்றைக்கே பலகையில் எழுதிவிட்டிருந்தார்: சாருமதி. அதே ஊர்க்காரி. அதே நேசரி. மூன்று வருடத்துக்கு முன் தன் மகள் தர்சனாவை ஏடு தொடக்க ஓய்வுபெற்ற அதிபர் வீட்டுக்குக் கொண்டுபோனவள்.

தவமலர் வீட்டில் கதிரவேலுவிடம் சொன்னாள். அவர் வலைக் கயிற்றைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"எழுதினா என்ன நடக்கும்?"

"ஊர் முழுக்கத் தெரியும்."

"தெரியாமலா இருக்கு?" என்றார் கதிரவேலு.

அந்த மனிதர் வருடத்துக்கு ஒருதரம்தான் இப்படி ஏதாவது சொல்லுவார். தவமலருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதாள். அவரும் கயிற்றை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தார்.

அடுத்த கிழமை முழுவதும், பிள்ளைகள் போன பிறகு நேசரியின் சின்னக் கதிரையில் முழங்கால் மடிய இருந்து எழுதினாள். வணக்கம் போனது. மண்டபம் தந்தவர்கள் போனார்கள். தேநீர்ப் பையனை எடுப்பதற்குத்தான் மனசு வரவில்லை, கடைசியில் அவனும் போனான். முன்னுரை இப்படி வந்தது:

'எனக்குப் பிள்ளை இல்லை. எங்கள் நேசரிக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துப் பழக்கியவள் நான். ஏடு தொடக்க ஒரு பிள்ளையையும் யாரும் என் மடியில் தந்ததில்லை. அப்படி இருந்தும் இந்த வேலையை நான் ஏன் விடவில்லை என்பதை எழுதுகிறேன்.'

நடுவில் பன்னீர்ச் செம்பும் வந்தது, அரிசித் தட்டும் வந்தது, காய்ச்சலில் அவள் தோளிலேயே நித்திரையான பிள்ளைகளும் வந்தார்கள். முடிவுரைக்கு வந்ததும் கை தயங்கியது. சாருமதி வாசிப்பாளே. நாளைக்கும் ஒரே அறையில் நின்று ஒரே பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கவேண்டுமே. கொஞ்சம் யோசித்து எழுதினாள்: 'பிள்ளைகளோடு இருக்கக் கிடைத்ததே எனக்குப் போதும். இதில் எனக்கு யார்மேலும் எந்த மனக்குறையும் இல்லை.'

சனிக்கிழமை நிஸ்ரின் வாசித்தாள், சொன்னபடி ஒப்பம் வைத்தாள். கட்டுரை சாருமதியிடம் போனது. அன்றைக்குத்தான் கடைசி நாள். பின்னேரம் சேர் கட்டுரைகளைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

சாருமதி கனநேரம் வைத்திருந்தாள். மற்றவர்கள் கொடுத்து முடித்து, சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். தவமலர் சோற்றைத் தொடவில்லை. கடைசியில் சாருமதி எழும்பி வந்து, முகத்தைப் பார்க்காமல் கட்டுரையை மேசையில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் போய் நின்றாள்.

ஒப்பம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

 வைக்கமாட்டாள்தானே. ஏன் வைக்கிறாள்? ஒப்பம் வைத்தால் நேசரி போய்விடுமே. இத்தனை வருடம் பக்கத்தில் வைத்து, பிள்ளை பெற்ற உடம்பு என்று பாரம் தூக்கவிடாமல் பார்த்ததற்கு இதுதான் கைம்மாறு. வாயில் வந்ததைக் கேட்டுவிடலாம் என்று தவமலர் எழும்பினாள். எழும்பும்போதுதான் கீழே இருந்த அச்சடித்த மாதிரியான எழுத்துக் கண்ணில் பட்டது.

'மேலே வாசிக்க மனம் வருகிறதா: வருகிறது, பயமாகவும் இருக்கிறது.

நடுவில் என்ன இருக்கும்: எனக்குத் தெரியும். தர்சனாவை நான் அதிபர் வீட்டுக்குக் கொண்டுபோன நாளும் இருக்கும். அன்றைக்கு அரிசித் தட்டைத் துடைத்து என் கையில் தந்தது டீச்சர்.

முன்னுரைக்கு முடிவுரை பதில் சொல்கிறதா: இல்லை. மனக்குறை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முன்னுரையை வாசித்த யாரும் அதை நம்பமாட்டார்கள். நான் வாசிப்பேன் என்று இப்படி எழுதியிருக்கிறீர்கள். இது பொய். இப்படியே கொடுத்தால் சேரும் இதைத்தான் சொல்லி விழுத்துவார். மாற்றினால் ஒப்பம் வைக்கிறேன்.'

தவமலர் திரும்பக் கதிரையில் இருந்தாள். ஒருதரம் முன்னுரையை வாசித்தாள், உடனே முடிவுரையை வாசித்தாள். பொய்தான். வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் சாருமதிக்குத் தெரியும்; அந்த நாளில் இரண்டு பேரும் தட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவர்கள். இவ்வளவு நாளும் ஊருக்கெல்லாம் நன்றி சொல்லி வாய் பழகிவிட்டதில், வலித்தது என்ற ஒரு சொல் அவள் வாயில் வரவேயில்லை. எழுதச் சொன்னவள் யார் என்று பார்த்தால், வலிக்கச் செய்தவள்.

பேனையை எடுத்து அந்த வரிகளைக் குறுக்கே வெட்டினாள். கீழே எழுதினாள்:

'எனக்கு மனக்குறை இருக்கிறது. பிள்ளைகளின் மேல் இல்லை, அதனால்தான் வேலையை விடவில்லை. அவர்களைப் பெற்றவர்கள் மேல் இருக்கிறது. இத்தனை பிள்ளைகளில் ஒரு பிள்ளையையாவது என் மடியில் இருத்தியிருக்கலாம்.'

கட்டுரையைக் கொண்டுபோய் யன்னலடியில் நின்றவளின் கையில் கொடுத்தாள். சாருமதி நின்றபடியே வாசித்தாள். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை.

"டீச்சர், அண்டைக்கு நீங்க ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நான் தர்சனாவத் தந்திருப்பன்," என்றாள்.

"கேட்டு வாங்கிறதா பிள்ளை அது?" என்றாள் தவமலர்.

 அந்த ஒப்பத்தோடு நேசரி தன் கைக்கு வராது என்பது சாருமதிக்குத் தெரியும். தவமலரின் கையில் இருந்த பேனையை வாங்கி, சுவரில் தாளை வைத்து ஒப்பமிட்டு, தானே கொண்டுபோய்ச் சேரின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.